அறுபத்தொன்றில் ஒரு காலி

"எடுடா... எடுத்துத் தொலைடா!"

ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் ஏழாவது முறையாக அதே பெண் குரல், அதே நிதானத்தோடு, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. அக்கா அவளையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஸ்கூட்டரைச் சிவப்பு விளக்குக்குள் விட்டாள்.

குறுக்கே வந்த தண்ணீர் லாரி முக்கி முனகி நின்றது. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?"

வீட்டில் சொல்வதற்கு இருப்பது ஒரே ஒரு ஆள். தம்பி. அவன் இப்போது வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு புல்தரை ஓடுபாதையின் ஓரத்தில், நாலு வருஷமாகத் தன் கையால் கட்டிய இரண்டு சீட்டு விமானத்துக்குள் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இன்னும் கால் மணி நேரத்தில் அந்த விமானம் முதல்முறையாகத் தரையை விட்டுக் கிளம்பப் போகிறது.

கிளம்பலாம் என்று அவனுக்குச் சொன்னது அவள்தான். போனில். ஏழு நிமிடத்துக்கு முன்னால்.

"எல்லாம் இருக்குடா. போ."

எல்லாம் இல்லை.

*

தம்பி லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல பாதிப் பேரை மேல ஏத்தி விடுறேன். நான் மட்டும் அடித்தளத்துலயே நிக்கிறேன்" என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். ஏதோ அலுப்பில் பேசுகிறான் என்று அக்கா நினைத்தாள். அடுத்த வாரமே போய்ப் பறக்கும் கிளப்பில் சேர்ந்துவிட்டு வந்தான். உரிமம் வாங்கிய கையோடு, கார் ஷெட் வாசலில் ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். லாரியில் இரண்டு மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் விமானம்.

அதாவது அலுமினியத் தகடுகள், குழாய்கள், தகடுகளைப் பிணைக்கப் பன்னிரண்டாயிரம் ரிவெட் ஆணி, தலையணை கனத்தில் ஒரு புத்தகம்.

"இதுல இறக்கை எதுடா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

"விளங்கிடும்."

ஆனாலும் அவள்தான் கூட நின்றாள். அக்காவுக்குப் பல்செட் செய்யும் லேப் இருக்கிறது. ஒரு முடி அளவு உயர்ந்தாலும் கடிக்கும்போது உறுத்தும் என்பதால், கை நடுங்காமல், கண் சிமிட்டாமல் செய்யும் வேலை. அந்தக் கை தம்பிக்குத் தேவைப்பட்டது. தகட்டுக்கு வெளியே அவன் ரிவெட் துப்பாக்கியை வைத்து அடிக்கும்போது, உள்பக்கம் இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத காரியம்.

அதற்கெல்லாம் முன்னால் கருவிகள் வேண்டும். தம்பி எழுதிய பட்டியல் நாலு பக்கம் போனது. எதை வாங்குவது, எதை விடுவது என்று அக்காவும் தம்பியும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். அப்போதுதான் கிளப் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் கண்ணில் பட்டது. விமானம் கட்டும் கருவிகள், முழு செட், ஒரே ஆள் பயன்படுத்தியது.

போனார்கள். முன்னறையில் தையல் மெஷின். துணிக் குவியலுக்கு நடுவே கழுத்தில் டேப் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள். அவர்களை வரச் சொன்னவர் உடனே எழுந்திருக்கவில்லை. குண்டூசிப் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டிக்குள் போட்டு, மூடிய பிறகுதான் எழுந்தார்.

"எண்ணாம மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றார். "ஒரு ஊசி துணிக்குள்ள இருந்தாலும் யாரோ ஒருத்தர் உடம்புல குத்தும்."

பின்னறையின் ஒரு முழுச் சுவரையும் வெள்ளைப் பெயின்ட் அடித்த பிளைவுட் பலகை அடைத்திருந்தது. அதில் ஆணிகள். ஆணிகளில் கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதே வடிவத்தில் சிவப்புப் பெயின்ட். கருவியை எடுத்தால், எடுத்த இடத்தில் அதன் சிவப்பு உருவம் மட்டும் நின்று முறைக்கும்.

"அழகுக்காகவா இப்படி?" அக்கா கேட்டாள்.

"இல்லக்கா. விமானத்துக்குள்ள எதையாவது மறந்து வச்சு மூடிட்டா? ஒரே பார்வையில தெரியணும்ல. பலகை நிறைஞ்சிருந்தாத்தான் என்ஜினைத் தொடலாம்." தம்பியின் கண்கள் மிட்டாய்க் கடைக்குள் விட்ட மாதிரி அலைந்தன. "இந்த டிரில் வேணும். இந்த மூலை டிரிலும் வேணும், இறக்கைக்குள்ள நேர் டிரில் நுழையாது. நட்டை அளவா முடுக்க டார்க் ரெஞ்ச் கட்டாயம். கனம் அளக்க வெர்னியர் இருக்கு. ஓட்டைப் பிசிறு எடுக்கிறது ரெண்டு இருக்கு, ரெண்டும் வேணும்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு காணாமப் போகும்ல."

"எதுவும் காணாமப் போகக் கூடாது தம்பி" என்றார் தையல்காரம்மா. சொன்ன விதத்தில் அறை கொஞ்சம் குளிர்ந்தது.

தம்பி பேச்சை மாற்றத் தரையில் கிடந்தவற்றைக் கிளறினான். சாணைக்கல்லைத் தள்ளினான். "அலுமினியம் பட்டா அடைச்சுக்கும்." பெரிய சுத்தியலைத் தூக்கிப் பார்த்தான். "இதுக்கு வேலை வர்ற விமானத்துல நான் ஏற மாட்டேன்." தச்சுப் பென்சில் ஒன்றை இரண்டு விரலால் எடுத்துத் தூரப் போட்டான். "இது ஆகவே ஆகாது. பென்சில் கோடு போட்டா, கோடு போட்ட இடத்துலயே தகடு அரிக்கும்."

"பல்லு மாதிரியா?"

"பல்லு மாதிரியேதான். மேல பளபளன்னு இருக்கும். உள்ள போயிட்டிருக்கும்."

தையல்காரம்மா கதவு நிலையிலேயே நின்றார். பலகைப் பக்கம் அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. "கீழ கிடக்கிறதுல பிடிச்சதை எடுத்துக்குங்க. பலகையில பொறுக்கக் கூடாது. பலகையோட மொத்தமும் போகணும். இல்லன்னா ஒண்ணும் போகாது."

அக்காதான் முதலில் அதைப் பார்த்தாள். பலகையின் நடுவில், கண் மட்டத்தில், பதினேழு என்று எண் போட்ட இடம் காலி. வட்டத் தலை, மெல்லிய உடம்பு, அடியில் தடித்த பாதம். குழந்தை வரைந்த மனிதன் மாதிரி ஒரு சிவப்பு உருவம்.

"இது என்னங்க?"

"கண்ணாடி. கண்ணு எட்டாத இடத்தைப் பார்க்கிறதுக்கு."

பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுவார்களே, அதுதான். கொஞ்சம் பெரிசு. "காணோமே?"

"இல்ல."

"பரவால்லைங்க, புதுசு வாங்கி மாட்டிக்கிறோம்" என்றான் தம்பி.

"வேண்டாம்!" பின்னறையில் எதிரொலித்தது அந்த ஒரு சொல். பிறகு குரலை இறக்கினார். "அது காலியாவே இருக்கட்டும். பார்க்கிறப்பெல்லாம் ஞாபகம் வரும்."

எது ஞாபகம் வரும் என்று சொல்லவில்லை. வாசலில் விடைபெறும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரர்..."

"நெஞ்சு வலி" என்றார் தையல்காரம்மா. கதவு சாத்தப்பட்டது.

*

கார் ஷெட் சுவரில் பலகையைப் பொருத்திய அன்றே தம்பி அந்தக் காலி இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டான். மொட்டையன்.

கண்ணாடி தேவைப்பட்டால் அக்காவின் லேபிலிருந்து பல் கண்ணாடி ஒன்று வரும், அன்றைக்கே திரும்பிப் போகும். புதிதாக வாங்கி மாட்டலாமே என்று இரண்டு முறை பேச்சு வந்தது. இரண்டு முறையும் யாரும் வாங்கவில்லை. பாதி இறக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்யும்போது முதுகில் யாரோ பார்ப்பது மாதிரி இருக்கும். திரும்பினால் சுவரில் மொட்டையன். முகம் இல்லாத வட்டத் தலை.

"பார்க்கிறான்டா."

"பார்த்துட்டுப் போறான், நீ கட்டையை நேராப் பிடி."

வேலை முடிந்ததும் எண்ணுவது அக்காவின் பொறுப்பு. மொத்தம் அறுபத்தொரு இடம். முதல் மாதங்களில் ஒவ்வொரு எண்ணாகப் படித்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் தம்பி கேட்பான். "மொட்டையன் மட்டும்தானே காலி?" "மொட்டையன் மட்டும்தான்." "அப்ப சரி."

ஒரு வருஷத்தில் தொடுவது நின்றது. அடுத்த வருஷத்தில் படிப்பது நின்றது. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ஒரு பார்வை. வெள்ளைப் பலகையின் நடுவில் ஒரே ஒரு சிவப்பு. "ஒண்ணு காலி. சரி." விளக்கை அணைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள்.

நாலு வருஷத்தில் தையல்காரம்மா மூன்று முறை வந்தார். பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் கொடுக்க வந்தேன் என்பார். ஷெட்டுக்குள் வர மாட்டார். தம்பி ஆசையாக இறக்கையைக் காட்டினால் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"உங்க வீட்டுல யார் எண்ணுறது?"

"அக்காதாங்க."

உடனே அவர் பார்வை அக்கா மேல் வந்து நிற்கும். துணி தைக்க அளவெடுப்பதுபோல் உச்சி முதல் பாதம் வரை இறங்கும். அப்புறம் போய்விடுவார். அடுத்த முறை வந்தால் முன்பு கேட்டதே இல்லை என்பதுபோல் மறுபடி அதே கேள்வி.

"அந்தம்மாவுக்கு மறதி வந்துடுச்சு" என்பான் தம்பி.

மறதி வந்தவர் குண்டூசியை எண்ணுவாரா என்று அக்கா யோசிப்பாள். யோசித்ததோடு சரி.

*

இன்று காலை ஏழரை மணி. கிளப் கொட்டகை.

நேற்றே விமானச் சோதனை அதிகாரி வந்து எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருந்தும் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. வாலின் அடியில் எட்டு ஸ்க்ரூ போட்ட சின்ன மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டிருந்தான். விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது வாலில் இருக்கும் ஒரு தகடு. அதை அசைக்கும் கம்பி அங்கேதான் வந்து சேர்கிறது. கம்பியின் நட்டைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிவிட்டு, அதன்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு நகர்ந்தால் கோடு உடையும், காட்டிக் கொடுக்கும்.

அக்கா டார்ச் பிடித்தாள். போன் அடித்தது. பல் டாக்டர்.

"நாலு பல் கேப் அனுப்பினீங்களே, கலர் கொஞ்சம் வெளுப்பா இருக்கே?"

"வெளுப்பா? நீங்க டியூப்லைட்டுல பார்க்கிறீங்க டாக்டர். ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்க."

"அக்கா, இந்தா பிடி" என்றான் தம்பி, கையை வாலுக்குள் இருந்து நீட்டி.

அவளுடைய ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் போன். "இருடா" என்று சைகை காட்டினாள்.

அவன் கை மறுபடி உள்ளே போனது. கோடு போட்டான். மூடியை வைத்தான். எட்டு ஸ்க்ரூவையும் முடுக்கினான்.

பிறகு கான்வாஸ் பையை அவள் தோளில் மாட்டிவிட்டான். எடுத்து வந்த பதினாலு கருவியும் வீட்டுக்குப் போய்ப் பலகையில் ஏற வேண்டும். அவள் பலகை முன் நின்று சரி என்று சொல்லும் வரை என்ஜினைத் தொட மாட்டான். நாலு வருஷச் சட்டம்.

இருபது நிமிடத்தில் வீடு. ஷட்டரைத் தூக்கினாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். வழக்கம்போல் இரண்டடி பின்னால் வந்தாள். வெள்ளைப் பலகையின் நடுவில், கண் மட்டத்தில், ஒரே ஒரு சிவப்பு.

"சொல்லுக்கா."

"ஒண்ணு காலி. சரி. எல்லாம் இருக்குடா. போ."

"எண்ணெய் சூடாகப் பன்னிரண்டு நிமிஷம். ஒன்பதுக்கு மேல காத்து கிளம்பிடும். நீ வர்றதுக்குள்ள ஒரு சுத்து வந்துடுறேன்."

"எனக்காக நிக்க மாட்டியாடா?"

"நான் நிப்பேன். காத்து நிக்காதே." சிரித்தான். "போனை அணைக்கிறேன்."

அக்கா சாவியை எடுத்தாள். வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். வெளிச்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தபோது, ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு வட்ட ஒளி தரையில் ஊர்ந்து வந்து, அவள் சேலை மேல் ஏறி, கண்ணில் அடித்தது.

குனிந்து உள்ளே பார்த்தாள்.

மொட்டையனுக்கு முகம் வந்திருந்தது.

நாலு வருஷம் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கண்ணாடி தொங்கியது. கிட்டப் போனாள். கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் பாதிக் கண், அந்தப் பக்கம் பாதிக் கண். அவளுடைய கண்தான். ஆனால் ஒரு விநாடி அது அவளுடையதாகத் தெரியவில்லை. கண்ணாடியின் தண்டு முழங்கை மடிந்த மாதிரி வளைந்திருந்தது. பிடியில் எண் குத்தியிருந்தது. பதினேழு. இந்தப் பலகையின் சொந்தக் கண்ணாடி.

வீட்டில் யாரும் இல்லை. பக்கக் கதவில் பூட்டு கிடையாது, ஒரு கம்பி வளையம்தான். அது மாட்டியபடியே இருந்தது.

யார் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அதற்குள் அதைவிட மோசமான இன்னொரு கேள்வி முந்திக்கொண்டது.

மொட்டையன் காலி இல்லை என்றால், காலியாக இருப்பது எது?

பக்கத்து இடம். ஒரு சாண் தள்ளி. பதினெட்டு. கழுத்து வளைந்த ஸ்பேனர்.

பையைக் கவிழ்த்து உதறினாள். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை. அக்கா, இந்தா பிடி. அவள் கையில் டார்ச். அவள் கையில் போன். அவன் கை மறுபடி உள்ளே போனது. வெளியே வந்தபோது அதில் என்ன இருந்தது? பெயின்ட் டியூப். பெயின்ட் டியூப் மட்டும்.

ஆணியிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

*

எட்டு ஐம்பத்தாறு. கிளப் வாசல்.

"வண்டி உள்ள விடக் கூடாதும்மா!" வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்தார்.

"அப்ப நீங்க வந்து பிடிங்க!" என்று கத்திக்கொண்டே அவர் கைக்கடியில் புகுந்து போனாள்.

வேலியோரம் ஒரு உருவம். விமானம் பார்க்க வந்தவர்கள் ஓடுபாதையைப் பார்த்து நிற்பார்கள். இந்த உருவம் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக் கம்பியைப் பின்கையால் பிடித்துக்கொண்டு நின்றது. கழுத்தில் டேப்.

தையல்காரம்மா.

ஸ்கூட்டர் கடந்த அந்தக் கணத்தில் இருவர் கண்ணும் சந்தித்தன. அவர் உதடு அசைந்தது. என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அக்காவுக்குப் புரிந்தது. எண்ணினியா?

ஓடுபாதையின் அந்த முனையில் விமானம் மூக்கைத் திருப்பி நேராகிக்கொண்டிருந்தது. விசிறி வெயிலில் வெள்ளித் தட்டாகச் சுற்றியது. அக்கா புல்லில் இறங்கினாள். ஸ்கூட்டர் துள்ளியது, சறுக்கியது, ஓடுபாதையின் நட்ட நடுவில் குறுக்கே விழுந்தது. அவள் சமாளித்து எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

வெள்ளித் தட்டு அவளை நோக்கி வந்தது.

வந்தது.

பிரேக்கின் கிரீச்சல். விசிறி இருமி, விக்கி, பத்தடி தள்ளி நின்றது.

தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் தள்ளிக்கொண்டு தம்பி எழுந்தான். "பைத்தியமாக்கா உனக்கு? தலை போயிருக்கும்!"

"இறங்குடா."

"காத்து வந்துடும்..."

"இறங்குன்னா இறங்கு! பதினெட்டு காணோம்."

"ஒண்ணுதான் காலின்னு நீதானே சொன்னே?"

"ஒண்ணுதான் காலி. ஆனா மொட்டையன் வந்துட்டான்."

காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "யாரு வந்துட்டான்?"

அவள் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். தம்பி பிடியில் இருந்த எண்ணைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வடிந்து வேறு ஏதோ ஏறியது.

"இது எப்படி..."

"அதை அப்புறம் பார்க்கலாம். ஸ்பேனரை வாலுக்குள்ள வச்சு மூடிட்டே."

"இல்லக்கா. கிளம்புறதுக்கு முன்னாடி ஓட்டுற ஸ்டிக்கை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்த்தேன். உள்ள ஏதாவது இருந்தா முட்டுமே?" கையை உள்ளே விட்டு ஸ்டிக்கை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினான். வாலில் தகடு பறவை இறகு மாதிரி லேசாக ஏறி இறங்கியது. "பார்த்தியா? வழியில எங்கேயோ விழுந்திருக்கும். பயமுறுத்தாதே." ஒரு காலைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தான்.

"தரையில ஆடும்."

பின்னாலிருந்து வந்த குரலுக்கு மூச்சு வாங்கியது. தையல்காரம்மா வெறும் காலோடு புல்லில் நின்றிருந்தார். விமானத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தார். மூக்கையோ இறக்கையையோ அல்ல. வாலை.

"தரையில நல்லா ஆடும் தம்பி. வாலை அமுக்கிப் பாருங்க. மேல ஏறும்போது எப்படி நிக்குமோ, அப்படி நிக்க வைங்க."

தீயணைப்பு சிலிண்டரைச் சுமந்துகொண்டு வாட்ச்மேனும் ஓடி வந்து சேர்ந்தார். யாரும் விளக்கம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அக்கா, தையல்காரம்மா, வாட்ச்மேன் மூவரும் வாலைப் பிடித்து அமுக்கினார்கள். மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. தம்பி பக்கத்தில் நின்று கையை உள்ளே விட்டு ஸ்டிக்கைப் பின்பக்கமாக இழுத்தான், மேலே ஏறும்போது இழுப்பதுபோல்.

வாலுக்குள், அக்காவின் உள்ளங்கைக்கு அடியிலேயே, ஏதோ நகர்ந்தது. சர்ர்ர். மெதுவாக, அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி.

டக்.

"ஸ்டிக்கை முன்னாடி தள்ளுங்க" என்றார் தையல்காரம்மா.

தம்பி தள்ளினான். இரண்டு கையாலும் தள்ளினான். காலை ஊன்றித் தள்ளினான். மேலே தூக்கிய மூக்கை இறக்க வேண்டிய தகடு அசையவில்லை.

"அக்கா" என்றான். எட்டு வயதில் இருட்டில் கூப்பிட்ட குரல்.

*

எட்டு ஸ்க்ரூவையும் அக்காவே கழற்றினாள். மூடி விலகியதும் கம்பியின் மூட்டுக்குள் வாயைக் கொடுத்துக் கவ்விக்கொண்டிருந்தது பதினெட்டாம் எண் ஸ்பேனர். அதன் பல்லில் மஞ்சள் பெயின்ட் இன்னும் ஈரமாக இருந்தது.

தம்பி புல்லில் உட்கார்ந்தான். வாட்ச்மேன் அவன் பக்கத்தில் சிலிண்டரை நட்டுவைத்து, அதைப் பிடித்துக்கொண்டு தானும் உட்கார்ந்தார்.

காற்று எழுந்தது. ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிக் குழாய் படபடத்தது.

"கண்ணாடியை நீங்கதானே மாட்டினீங்க?" அக்கா கேட்டாள்.

"தம்பி நேத்து மெசேஜ் அனுப்பிச்சாரு. உங்க கருவியால கட்டினது நாளைக்குப் பறக்குதுன்னு." தையல்காரம்மா டேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். "இனிமே அதை நான் வச்சிருக்கக் கூடாதுன்னு தோணிச்சு. காலையில வந்தேன், நீங்க இல்ல. பலகையில நிறைய இடம் காலியா இருந்துச்சு. அதோட இடத்துல மாட்டிட்டு, கதவையும் சாத்திட்டு வந்துட்டேன். பலகை நிறைஞ்சா நல்லதுன்னு நினைச்சேன். நான் மாட்டினதாலதான் உனக்குத் தெரியாமப் போச்சு, இல்லையா?"

தம்பி புல்லில் போட்டிருந்த கண்ணாடியை அக்கா எடுத்தாள். முழங்கைபோல் மடிந்த அந்தத் தண்டை, திறந்திருந்த வாலுக்குள் மூட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வளைவு அந்த இடுக்கில் அச்சாகப் பொருந்தியது.

மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள்.

"இது எங்க இருந்து கிடைச்சுது உங்களுக்கு?"

"ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கொடுத்தாங்க. அவரோட வாட்ச், மோதிரம், இது. வால் பக்கம் எரியாம மிஞ்சியிருந்துச்சாம்."

"நெஞ்சு வலின்னு சொன்னீங்களே?"

"நெஞ்சு வலி எனக்கு" என்றார் தையல்காரம்மா.

தம்பி தலையைத் தூக்கினான். "முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க கருவி வாங்காமப் போயிடுவோம்னு பயந்தீங்களா?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. நாலு வருஷமாக அளவெடுத்த அதே பார்வையால் அக்காவைப் பார்த்தார். இப்போது அது உச்சியிலிருந்து பாதத்துக்கு இறங்கவில்லை. முகத்திலேயே நின்றது.

"அவர் இங்க. நான் வீட்டுல, பலகை முன்னாடி. உன்னை மாதிரியேதான், கையில போன். ஒண்ணு காலியா இருந்தது என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது. கண்ணாடியை எப்பவும் சட்டைப் பாக்கெட்லயே போட்டுட்டு மறந்துடுவாரு. அங்கதான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். கேட்டா, சிடுசிடுப்பாரு. அதான் கேக்கல."

டேப்பை விட்டுவிட்டார். அது சுருண்டு புல்லில் விழுந்தது.

"எல்லாம் இருக்கு, கிளம்புங்கன்னு சொன்னது நான்தான்."